செயற்கைக் கால், கேலிப்பர் பயனாளர் படிவங்கள்: நம்பகத்தன்மையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக் கால், கை பொருத்தியவர்களிடமும் உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பர், பிரேஸ் அணிபவர்களிடமும் "மாடிப்படி ஏற எவ்வளவு சிரமம்?", "நாள் முழுக்கப் போட்டிருந்தால் வலிக்கிறதா?" என்று கேட்டு மதிப்பெண் போடும் படிவங்கள் பல உண்டு. ஓபஸ் (OPUS), பிஇக்யூ (PEQ) என்ற படிவங்கள் இரண்டும் அப்படிப்பட்டவைதான். சாக்கெட்டை (மீதி உறுப்பு உள்ளே பொருந்தும் கிண்ணப் பகுதியை) மாற்றலாமா, புதிய மூட்டு பலன் தந்ததா என்ற முடிவுகள் இந்த மதிப்பெண்ணில் தொங்குகின்றன. ஆளிடம் எதுவும் மாறாதபோது மதிப்பெண்ணும் மாறாமல் நிற்கிறதா? நம்பகத்தன்மை என்பது இந்தக் கேள்விதான்.

நிறையப் பேர் க்ரான்பாக் ஆல்ஃபாவை மட்டும் கணக்கிட்டுவிட்டு "நம்பகமானது" என்று எழுதிவிடுகிறார்கள். லீ க்ரான்பாக் 1951இல் விளக்கிய அந்த எண், ஒரே முறை நிரப்பிய படிவத்தில் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்று மட்டுமே காட்டும். அதே ஆள் அடுத்த வாரம் என்ன சொல்வார் என்று அதற்குத் தெரியாது. கேள்விகளைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றிக் கேட்டிருக்கிறோமா என்று பாருங்கள்.

சரி, இரண்டு முறை நிரப்பச் சொல்கிறோம். பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். கால் எடுத்த முதல் சில மாதங்களில் மீதிக் காலின் வீக்கம் வடிந்துகொண்டே இருக்கும். அதன் பருமன் ஒரே நாளுக்குள்ளும் மாறும். முதல் படிவம் காலையிலும் அடுத்தது மாலையிலும் என்றால், சாக்கெட்டின் இறுக்கமே வேறு. இடையில் யாராவது சாக்கெட்டைச் சரிசெய்திருந்தாலோ மீதிக் காலில் ஒரு துணியுறை கூடுதலாகப் போட்டிருந்தாலோ, மதிப்பெண் மாறியதற்குப் படிவத்தைக் குறைசொல்ல முடியாது. கருவியோடு நன்றாகப் பழகி நிலைத்தவர்களை எடுங்கள். இடைவெளி சுமார் இரண்டு வாரம் இருந்தால், பழைய பதில்களும் ஓரளவு மறந்திருக்கும். இரண்டாம் முறை "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று தனியாகக் கேட்டு, மாறியவர்களைப் பிரித்துவிடுங்கள்.

கேட்கும் விதமும் மாறக் கூடாது. முதலில் காகிதம், பிறகு தொலைபேசி என்று போனால் வித்தியாசம் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. செயற்கைக் காலைச் செய்து கொடுத்தவரே பக்கத்தில் நின்று கேட்பது இன்னும் மோசம். அவர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு தடவையும் "நல்லா இருக்கு" என்பார்கள். எண்கள் அழகாகப் பொருந்தும். உள்ளே புண் இருப்பது மட்டும் வெளியே வராது. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அடுத்தது கணக்கு. இரண்டு எண்வரிசைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கும் பியர்சன் ஒட்டுறவுக் கெழு இங்கே உதவாது. எல்லோருக்கும் இரண்டாம் முறை சரியாக 10 மதிப்பெண் கூடினாலும் கெழு 1 என்றே வரும். ஐசிசி (ICC, உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு) வேண்டும், அதிலும் மதிப்பெண்களின் நேரடி ஒப்புமையை அளக்கும் வகை வேண்டும். ஷ்ரவுட்டும் ஃப்ளைஸும் 1979இலேயே ஐசிசியின் ஆறு வடிவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். எதைப் பயன்படுத்தினோம் என்று எழுதாத ஐசிசியை வாசகர் எடைபோடவே முடியாது. அந்த எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் (confidence interval) சேர்த்துக் கொடுங்கள்.

கட்டைவிரல் ஸ்பிளிண்ட் போட்டவரையும் இரு கால்களை முட்டிக்கு மேல் இழந்தவரையும் ஒரே குழுவில் சேர்த்தாலும் ஐசிசி உயரும். ஆட்களிடையே வித்தியாசம் பெரிதாக இருப்பதால் வரும் உயர்வு அது, படிவம் துல்லியமானதால் அல்ல. குழு குழுவாகப் பிரித்துக் காட்டுங்கள். "எனக்குப் பொருந்தாது" என்ற பதிலுக்குச் சுழியம் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

ஐசிசியோடு நின்றுவிடாமல் அதை மதிப்பெண்ணாக மாற்றுங்கள். திட்டவிலக்கம் (ஆட்களின் மதிப்பெண்கள் சிதறியிருக்கும் அளவு) 10, ஐசிசி 0.90 என்றால் அளவீட்டுப் பிழை சுமார் 3.2. அதை 2.77ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 வரும்; ஒருவரின் மதிப்பெண் இதைத் தாண்டி மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். ஐசிசி 0.70 என்றால் இந்த 9 என்ற வரம்பு 15 ஆகிவிடும். அப்படிப்பட்ட படிவத்தில் ஒருவருக்கு 6 மதிப்பெண் கூடியிருந்தால், புது சாக்கெட்டால் கூடியதா தற்செயலா என்று அந்த எண்ணை வைத்து அவரிடம் சொல்ல முடியாது.