ஒற்றைக் கொக்கு, தாமரைக் குளம்: சீன அரசவை ஓவியம் பார்க்கும் விதம்

கும்பகோணம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். தாமரைக்குளத்தில் ஒற்றைக் கொக்கு நிற்கும் சீனப் படத்தைக் காட்டினால், "நம்ம ஊர்க் குளம் சார்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அது பரீட்சை எழுதப் போகிறவனுக்கான வாழ்த்துப் படம்.

சீனத்தில் கொக்கும் 'லூ', வழியும் 'லூ'. தாமரை 'லியன்', தொடர்ந்து வருவதும் 'லியன்'. ஒன்றுக்கு 'யீ', 'யீ லூ' என்றால் வழிநெடுக. ஆக, வழிநெடுக அடுத்தடுத்துத் தேர்ச்சி பெறு என்று பொருள். கொக்கு ஒற்றையாக நிற்பதும் அதனால்தான். சிலேடை கேட்டு வளர்ந்த நமக்கு இது சிரமமில்லை.

எனவே பறவையை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பூவோடு, எத்தனை என்று பாருங்கள். பியோனிப் பூ செல்வமும் பதவியும். அதோடு வெள்ளைத்தலைச் சின்னான் சேர்ந்தால், தலை நரைக்கும்வரை வளமாகச் சேர்ந்து வாழுங்கள் என்று தம்பதிக்கு வாழ்த்து. மாண்டரின் வாத்து ஜோடி அவர்களுடைய அன்றில். அதற்கு விளக்கம் வேண்டாம்.

அப்புறம், காலத்தைப் பாருங்கள். இந்த ஒலிச் சிலேடை மிங், சிங் அரச வம்சங்களின் காலத்தில்தான் பெருகியது. அவற்றுக்கு முந்தைய சோங் வம்சக் காலப் படத்தில் அதை வலிந்து தேடினால் ஓவியம் கைநழுவிவிடும். சோங் பேரரசர் ஹுய்சோங் (ஆட்சி 1100–1126) பொருளைவிட முதலில் கண்ணைத்தான் சோதித்தார். மேட்டில் ஏறும் மயிலை அரண்மனை ஓவியர்கள் வலக்கால் தூக்கியபடி வரைந்தார்களாம். மயில் இடக்காலைத்தான் முதலில் எடுக்கும் என்று திருப்பி அனுப்பினார் என்பது பழைய கதை. இப்போது நம் வயல்வரப்பிலும் மயில் திரிகிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

படத்தில் எழுத்து இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று தேடிப் பாருங்கள். ஹுய்சோங் பெயரில் வழங்கும் ஒரு படம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செம்பருத்தி இனத்துப் பூங்கிளை ஒன்று பொன்னிற ஃபெசன்ட் கோழியின் எடை தாங்காமல் வளைகிறது. கோழி கழுத்தைத் திருப்பி இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கிறது. பக்கத்தில் உள்ள கவிதை, பனிக்கு அஞ்சாத பூ என்றும் ஐந்து குணமும் நிறைந்த பறவை என்றும் சொல்லிவிடுகிறது. அந்த ஐந்தும் சேவலுக்குச் சொல்லப்பட்டவை. கொண்டை, கற்றவனின் தலையணி. கால்முள், வீரம். எதிரியை நேரே சந்திப்பது துணிச்சல். இரை கண்டால் கூட்டத்தைக் கூப்பிடுவது அன்பு. நேரம் தவறாமல் கூவுவது நம்பகம். நல்ல அதிகாரி எப்படி இருக்கவேண்டும் என்ற பட்டியல்தான் அது.

பழகிப் பார்க்க நான் கொடுப்பது சோங் கால ஓவியர் சுய் பாய் 1061இல் வரைந்த படம். தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. காக்கை இனத்து மேக்பை பறவைகள் இரண்டு, கீழே ஒரு முயல். மேக்பை மகிழ்ச்சிக்குரிய பறவை. இரண்டு இருப்பதால் 'இரட்டை மகிழ்ச்சி' என்று பெயர் வந்துவிட்டது. பெயரை மறந்துவிட்டுப் பாருங்கள். காற்றில் புல்லும் இலையும் ஒரே பக்கம் சாய்கின்றன; பறவைகள் முயலைப் பார்த்துக் கத்துகின்றன; முயல் ஒரு முன்காலைத் தூக்கித் திரும்பி நிற்கிறது. மகிழ்ச்சி எங்கே இருக்கிறது? ஓவியர் கையொப்பம் மரத்தண்டில் இருக்கிறது, அதையும் தேடிப்பிடியுங்கள்.