சீனி, ஒரு தாள், ஒரு விரல்: எறும்பின் வாசனைக் கோட்டைப் பார்ப்பது எப்படி?

மாரி தொடங்கினால் திருகோணமலையில் எங்கள் குசினிக்கு முதலில் வரும் விருந்தாளி எறும்புதான். முற்றத்து மண் ஊறியதும் சுவர் வெடிப்பு வழியாகக் கறுத்த நூல் போல இறங்கி, சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அம்மா போத்தலைத் தண்ணீர் ஊற்றிய கோப்பைக்குள் வைப்பார். நான் தும்புத்தடியை எடுப்பேன். போன மாரியில் அக்காவின் மகள் பக்கத்தில் நின்று கேட்டாள்: "மாமா, முதல் எறும்பு சீனியைக் கண்டது மற்றதுகளுக்கு எப்படித் தெரியும்?"

வாசனையால் தெரியும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் செய்தே காட்டலாம், காசும் பெரிதாகச் செலவாகாது. நாங்கள் இரண்டு பேரும் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்ன வேண்டும்

ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு போத்தல் மூடி, வெள்ளைத் தாள், கொஞ்சம் தடித்த மட்டை, ஒரு தட்டு தண்ணீர். கைத்தொலைபேசிக் கமெரா இருந்தால் பூதக்கண்ணாடி தேவையில்லை. மிக முக்கியமானது பொறுமை: அரை மணி நேரமாவது குந்தி இருக்க வேண்டும்.

முதலில் இடம் பாருங்கள்

எறும்புச் சோக்கு கீறிய இடம், மஞ்சள் தூவிய இடம், மணக்கும் திரவம் போட்டுத் துடைத்த நிலம், மூன்றும் சரிவராது. முதல் நாள் நான் இதில்தான் கோட்டை விட்டேன். அன்று காலைதான் அம்மா நிலம் முழுக்கத் துடைத்திருந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒழுங்கான வரிசை உருவாகவே இல்லை. அடுத்த நாள் கிணற்றடிச் சீமெந்துக் கட்டுக்கு மாறினோம்.

சின்ன எறும்பாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய கறுத்த கட்டெறும்பு பல நேரம் தனியாகவே திரியும், கண்ணையும் நன்றாகப் பாவிக்கும். இந்தச் சோதனைக்கு அது ஒத்துழைக்காது.

படி 1: கோடு உருவாகட்டும்

போத்தல் மூடியில் சீனியை இட்டு இரண்டு துளி தண்ணீர் விடுங்கள். எறும்பு திரியும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். இனி கையை வைக்காமல் பார்க்க வேண்டும்.

முதலில் வரும் எறும்பு நேராக வராது. வளைந்து, திரும்பி, வழி தவறித்தான் வரும். குடித்துவிட்டுப் போகும்போது கமெராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சில இன எறும்புகள் வயிற்று நுனியை நிலத்தில் தொட்டுத் தொட்டுப் போவது தெரியும். எழுதுகிற பேனை அதுதான். வயிற்றுக்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து ஒரு இரசாயனம் துளித்துளியாக நிலத்தில் படிகிறது. அடுத்த எறும்பு அதை உணர்கொம்பால் மணந்தபடி வரும். அதுவும் சீனியைக் கண்டால், திரும்பும்போது தன் பங்குக்கு ஒரு பூச்சுப் பூசும்.

ஒரே இனத்துக்குள் இப்படிச் செய்தி கொண்டுபோகும் இரசாயனத்துக்கு 1959 இல் பீற்றர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் பெரோமோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் அடோல்ஃப் பூட்டெனாண்ட், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கும் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்து அறிவித்தார். சுமார் 5 இலட்சம் பூச்சிகளும் ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பும் அதற்குப் போயின. பூச்சிக்கு அவ்வளவு சிறு துளி போதும் என்பதால் வந்த கஷ்டம் அது. இலைவெட்டி எறும்பு ஒன்றின் பாதை வாசனை 1 மில்லிகிராம் இருந்தால் உலகை மூன்று தரம் சுற்றிக் கோடு கீறலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

படி 2: விரலால் அழியுங்கள்

வரிசை அடர்த்தியானதும் அதன் குறுக்கே, எறும்பை நசுக்காமல், விரலால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்து எடுங்கள். அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் எறும்புகள் பிரேக் போட்ட பஸ் மாதிரி நிற்கும். கொம்பை ஆட்டும், பின்வாங்கும், பக்கவாட்டில் தேடும். ஏதோ ஒன்று துணிந்து கடந்ததும் மெல்ல மெல்ல வரிசை திரும்பி ஒட்டும்.

18-ஆம் நூற்றாண்டில் சுவிஸ் நாட்டு சார்ல்ஸ் பொனே செய்ததும் இதே விரல் சோதனைதான். கண்ணால் பார்த்து நடந்திருந்தால் விரல் தேய்த்த இடம் அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

"இதுகளுக்குக் கண் தெரியாதோ?" என்று மருமகள் கேட்டாள். தெரியும், ஆனால் இந்த வேலையில் மூக்கைத்தான் நம்புகின்றன. அதற்குச் சாட்சி அடுத்த படி.

படி 3: தாளைத் திருப்புங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இது. வரிசையின் மேல் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, நான்கு மூலையிலும் சின்னக் கல் வையுங்கள். பழைய கோடு மூடுபட்டதால் முதலில் குழம்பும். பதினைந்து, இருபது நிமிடத்தில் தாளுக்கு மேலாகவே புதுக் கோடு போடத் தொடங்கும். வரிசை நன்றாக ஓடும்வரை விடுங்கள், ஒரு மணி நேரம் என்றாலும் பரவாயில்லை.

இப்போது கல்லை எடுத்து, தாளைத் தூக்காமல் மெதுவாகச் சாய்வாகத் திருப்புங்கள். சீனி இருந்த இடத்திலேயே இருக்கிறது, கண்ணுக்கு முன்னால். ஆனால் தாளில் இருக்கும் எறும்புகள் பல, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பழைய கோட்டிலேயே போய், சீனி இல்லாத ஒரு விளிம்பில் முடிந்து, அங்கேயே சுற்றும். நேரம் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் சரிசெய்கின்றன என்று. எங்களுக்கு ஒவ்வொரு தரமும் வேறு வேறு கணக்கு வந்தது. வெயில், காற்று, எறும்பின் இனம் எல்லாம் இதில் விளையாடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் செய்தால் கோடு எளிதில் நிலைக்காது, வாசனை ஆவியாகிவிடும். இது எறும்புக்குக் குறை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதற்கு நன்மை. நெருப்பெறும்பு ஒன்று தனியாகக் கீறும் கோடு சுமார் 2 நிமிடத்துக்குள் மறைந்துவிடும் என்று அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் கண்டார். சாப்பாடு இருக்கும்வரை பூசிக்கொண்டே இருப்பார்கள், முடிந்ததும் பூச ஆளில்லை, கோடு தானாக அழிகிறது. காலியான சீனிப் போத்தலுக்கு யாரும் வீணாக நடக்கத் தேவையில்லை.

படி 4: இரண்டு பாலம்

அம்மாவின் தண்ணீர்க் கோப்பை முறையை இங்கே தலைகீழாக்குகிறோம். தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் கவிழ்த்த தம்ளரின் மேல் சீனி வையுங்கள். மட்டையை வெட்டி இரண்டு பாலம் செய்யுங்கள், ஒன்று நேரானது, மற்றது அதைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் வளைந்தது. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிய வேண்டும். ஒட்டுவதற்குப் பசை பாவித்தால் ஒரு நாள் காயவிடுங்கள், அதன் மணமும் குழப்பும்.

முதலில் இரண்டிலும் போகும். பிறகு பெரும்பாலும் குறுகியதில் கூட்டம் சேரும். குறுகிய பாதையில் போனது சீக்கிரம் திரும்புவதால் அங்கே பூச்சு முதலில் தடிக்கிறது, தடித்த பூச்சுக்கு இன்னும் பேர் வருகிறார்கள். பாதையை அளந்து பார்த்த எறும்பு ஒன்றுமே அங்கே இல்லை. 1989 இல் பிரசல்ஸ் ஆய்வாளர்கள் ஆர்ஜென்டின எறும்புகளை வைத்துக் காட்டிய சோதனை இது. குறுக்கு வழி தேடும் கணினி முறை ஒன்றும் இதே யோசனையிலிருந்துதான் பிறந்தது.

படி 5: முசுறு, தூரத்தில் நின்று

மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறைத் தெரியாத ஆள் எங்கள் ஊரில் இருக்க மாட்டார். நீண்ட தடியால் கூட்டை ஒரே ஒரு தரம் மெதுவாகத் தட்டிவிட்டு விலகுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தட்டவிட வேண்டாம், கடித்த இடத்தில் அமிலத்தையும் விட்டுவிடும். சில விநாடியில் கூடு முழுக்கக் கொதிக்கும். இங்கே செய்தி வேறு: "வா, கடி." இதன் தலைச் சுரப்பியிலிருந்து வரும் கலவையில் ஒன்று முதலில் உசுப்பும், இன்னொன்று இழுக்கும், மெதுவாக ஆவியாவது கடிக்க வைக்கும். ஒரே மூச்சில் மூன்று கட்டளை.

தேனீயிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். கொட்டிய தேனீ விடும் அபாய வாசனையில் இருக்கும் முக்கிய பொருள், வாழைப்பழத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் அதே பொருள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டு வாங்கி, வாழைப்பழ மணம் வந்தால், நின்று ஆராய வேண்டாம், ஓடுங்கள்.

முடித்ததும்

எறும்பைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினால் கோடு அப்படியே இருக்கும், அரை மணியில் ஆட்கள் திரும்பி வருவார்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதை முழுவதையும், சுவர் வெடிப்புவரை துடையுங்கள். இத்தனை வருடம் நான் தும்புத்தடியோடு பட்ட பாடு வீண் என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு காலை நேரம் இருந்தால், கோட்டைக்கு

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை எல்லோரும் படம் பிடிப்பார்கள். நீங்கள் கொம்புள்ள கலைமானை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு குழி தெரியும், அது வாசனைச் சுரப்பி. அதைக் கிளையில் தேய்க்கும். சில வேளை பின்னங்காலில் நிமிர்ந்து நின்று எட்டாத கிளையிலும் தேய்க்கும். பெண்மானின் மூத்திரத்தை மணந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தி நிற்பதும் உண்டு. மூக்குக்கும் வாய்க்கும் இடையில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையைக் கொண்டுபோகும் வேலை அது. மான் காட்டாவிட்டால் வீட்டுக்குத் திரும்புங்கள், கிடாய் நிற்கும் எந்த வளவிலும் அதே "சிரிப்பை" இலவசமாகப் பார்க்கலாம்.

போகும்போது கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம். சோற்று மணம் பிடித்த பொலித்தீனை மான் பையோடு சேர்த்தே விழுங்கிவிடும்.