நுரையீரலைச் சுற்றிக் கோக்கும் நீர்: புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரலையும் மார்புச்சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் இரண்டு உறைகளுக்கு நடுவே, மூச்சு விடும்போது உராய்வு ஏற்படாதிருக்கச் சில தேக்கரண்டி நீர் எப்போதும் இருக்கும். நுரையீரல், மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோயோ நிணநீர்ப் புற்றுநோயோ இந்த உறைக்குப் பரவினால், நீர் ஊறுவது கூடுவதோடு அதை உறிஞ்சி வெளியேற்றும் நிணநீர்ப் பாதைகளும் அடைபடுவதால், லிட்டர் கணக்கில் நீர் கோத்துவிடுகிறது. இதயம் தளர்ந்து கோக்கும் நீரைக் கரைக்கும் சிறுநீர் மாத்திரைகள் இதற்குப் பயன்படுவதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாலும் இந்த நீர் வற்றாது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நோயாளியின் உடல் வறண்டுபோவதுதான் மிச்சம்.

புற்றுநோய் உள்ளவருக்கு நீர் கோத்தால் அது புற்றுநோயால்தான் என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. நிமோனியா, இதயத் தளர்ச்சி, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைப்பது, இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவது, முன்பு கொடுத்த கதிர்வீச்சு ஆகிய எதுவும் அவருக்கும் நீரை வரவழைக்கலாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நீரில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் மிகுந்திருப்பதை மட்டும் பார்த்துக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு, மாதங்கள் கழித்துப் புற்றுநோயைக் கண்டறிவது நேரிடுகிறது. காசநோய்க்காக நீரில் பார்க்கும் ஏடிஏ (அடினோசின் டீஅமினேஸ்) என்ற நொதியின் அளவு நிணநீர்ப் புற்றுநோயிலும் உயரக்கூடும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்தானது.

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்வது, "நீரில் புற்றணு இல்லை" என்ற அறிக்கையை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதுதான். உறைக்குப் புற்றுநோய் பரவியவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கே நீர்ப் பரிசோதனையில் புற்றணுக்கள் தென்படுகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புடைய, இந்த உறையிலேயே தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயில் இது இன்னும் குறைவு. இரண்டாவது முறை அனுப்பினால் சிலருக்கு விடை கிடைக்கும்; அதற்குமேல் நீரையே திரும்பத் திரும்ப அனுப்புவது காலத்தை வீணாக்கும். சந்தேகம் தீராவிட்டால், ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறையிலிருந்து திசு எடுப்பதோ, கேமரா குழாயை மார்புக்குள் செலுத்தி நேரில் பார்த்துத் திசு எடுப்பதோதான் வழி. இரண்டு லிட்டர் நீரை எடுத்துக் கொட்டிவிட்டு, ஐந்து மில்லியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. குறைந்தது 50 மில்லியாவது அனுப்பினால், அணுக்களைத் திரட்டிக் கட்டியாக்கி, எந்த உறுப்பின் புற்றுநோய், எந்த மரபணு மாற்றம் என்பதுவரை பார்க்க முடியும். மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நுரையீரல் புற்றுநோயா என்பது அந்தக் குப்பியில் தெரியவரலாம். சி.டி. ஸ்கேன் தேவையென்றால், நீரை முழுவதும் எடுப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது. நீர் இருக்கும்போது உறையின் தடிப்புகளும் முடிச்சுகளும் தெளிவாகத் தெரியும்.

நீர் எடுக்கும் வேளையில் நோயாளி மேசைமேல் வைத்த தலையணையில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அல்ட்ராசவுண்டில் இடம் பார்க்காமல், தட்டிப் பார்த்த ஒலியை மட்டும் நம்பி ஊசி போடுவது, நுரையீரலைக் குத்திக் காற்று கசியச் செய்யும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வைக்கோல் நிறத்திலோ இரத்தம் கலந்தோ நீர் இறங்கிக்கொண்டிருக்கையில் விடாத இருமலோ, நெஞ்சை இறுக்குவது போன்ற வலியோ தொடங்கினால், அதைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுத்தால், சுருங்கியிருந்த நுரையீரல் திடீரென விரிந்து அதற்குள்ளேயே நீர் சுரந்து வீங்கும் ஆபத்து உண்டு.

எடுத்து முடித்தபின் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: மூச்சு இலேசாயிற்றா, நுரையீரல் விரிந்ததா? நீர் குறைந்தும் மூச்சு இலேசாகாவிட்டால், இரத்தக்கட்டி, இதயத்தைச் சுற்றிய நீர் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். மூச்சுத்திணறலே இல்லாதவருக்கு, எக்ஸ்ரேயில் தெரிகிறது என்பதற்காக மட்டும் நீர் எடுக்கத் தேவையில்லை. நுரையீரல் விரியாதவருக்கு, டால்க் தூளைச் செலுத்தி இரு உறைகளையும் ஒட்டவைக்கும் சிகிச்சை பலன் தராது. உறைகள் ஒன்றையொன்று தொட்டால்தானே ஒட்டும்? அவருக்கு, வீட்டிலேயே நீரை வடிக்க உதவும் நிலைக்குழாய் பொருந்தும். விரிகிறவருக்கோ இரண்டுமே மூச்சுத்திணறலை ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கின்றன. மருத்துவமனையில் சில நாள் தங்குவதா, வீட்டில் குழாயோடு இருப்பதா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். இதைக் கேட்காமலேயே வாரந்தோறும் ஊசியால் நீர் எடுத்துக்கொண்டிருப்பதை நான் கொடுமையாகவே கருதுகிறேன். ஆயுள் சில வாரங்களே என்ற நிலையில் மட்டும் அது பொருத்தமாக இருக்கலாம்.

நிலைக்குழாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து 50 மில்லிக்கும் குறைவாக நீர் வந்தால், உறைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழாய் அடைத்திருக்கவும் கூடும். மூச்சு முன்பைவிட வாங்குகிறதென்றால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் ஸ்கேன் பார்த்த பிறகே குழாயை எடுக்க வேண்டும்.