இணையமும் கணினி விளையாட்டும்: இந்தத் தொழிலுக்கு வரும் வன்னி இளையோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஐ.ரி. படிக்கப் போவதாகச் சொல்லும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இணையத்தளம் ஆக்குவதையும் கணினி விளையாட்டு ஆக்குவதையும் ஒரே தொழிலின் இரு கிளைகளாக எண்ணி, இரண்டையும் ஒரே மூச்சில் கற்கத் தொடங்குகிறார்கள். முதல் தவறு இதுதான். பின்னால் வரும் தவறுகளிற் பல இதிலிருந்தே முளைக்கின்றன. இணைய உருவாக்குநருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒரு வங்கியோ, கடையோ, ஏற்றுமதி நிறுவனமோ ஆக இருப்பார். அவருக்குத் தேவை ஏற்கெனவே இருக்கிறது, அதைச் செய்து கொடுக்க ஆள்தான் வேண்டும். விளையாட்டை ஆக்குபவரோ யாரும் கேட்காத ஒன்றை ஆக்கிவிட்டு, பிறகு அதற்கு ஆள் தேட வேண்டியவர். அதற்கு நிரலாக்கத்தோடு திசையன்கள், கோணங்கள் முதலான கணிதமும், ஓவியமும், ஒலியும், ஒரு விளையாட்டு ஏன் சலிக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுமையும் தேவைப்படுகின்றன. இலங்கையில் விளையாட்டுகளை ஆக்கும் நிறுவனங்கள் மிகச் சில. இணைய வேலைகளோ கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வெளிநாட்டு வேலைகளாகவும் கிடைக்கின்றன.

ஆகவே, குடும்பத்துக்கு உழைத்துக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர் இணையத்தை வருமானத்துக்கும் விளையாட்டை அதனோடு சேர்த்து மாலைப் பொழுதுக்கும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. தனியொருவராக விளையாட்டு ஆக்கி வென்றதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ‘ஸ்டார்டியூ வேலி’யின் கதையும் இதற்கு முரணானதன்று. கணினி விஞ்ஞானப் பட்டதாரியான அமெரிக்கர் எரிக் பரோன் அதைத் தனியே ஆக்கி 2016 இல் வெளியிட நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தில் அவர் பகுதிநேர வேலைக்கும் போனார். கதையைச் சொல்பவர்கள் விற்பனையைச் சொல்வார்கள், பகுதிநேர வேலையைச் சொல்லமாட்டார்கள்.

இரண்டு துறைகளும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. உலாவியில் ஓடும் விளையாட்டுகளை ஜாவாஸ்கிரிப்ட்டைக் கொண்டு ஆக்கலாம். அந்த மொழியைக் கற்றவர் இரு பக்கமும் கால் வைக்க முடியும். ஆனால் அங்கேயும் கருவியைக் கற்பதையே தொழிலைக் கற்பதாக நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு காலத்தில் உலாவி விளையாட்டு என்றாலே அடோபியின் ஃபிளாஷ் என்ற மென்பொருள்தான். 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியபோது, ஃபிளாஷின் பொத்தான்களை மட்டும் அறிந்தவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை; திரையில் இரு பொருள்கள் மோதுவதைக் கணிப்பது எப்படி, ஒரு நொடிக்கு எத்தனை தடவை திரையை வரைவது, தரவை எப்படி ஒழுங்கமைப்பது என்று அறிந்திருந்தவர்கள் சில மாதங்களில் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள். யூனிட்டி என்ற விளையாட்டு ஆக்கும் கருவியைத் தரும் நிறுவனம் 2023 செப்டம்பரில், விளையாட்டு ஒவ்வொரு தடவை நிறுவப்படும்போதும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்து உலகெங்கும் உருவாக்குநர்களைக் கலங்கடித்தது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. கட்டணம் போய்விட்டாலும், ஒரே நிறுவனத்தின் கருவியில் முழு வாழ்வையும் கட்டிவைப்பதன் ஆபத்தை அது காட்டிவிட்டது.

அடுத்தது சான்றிதழ். படிப்பதற்கு வன்னியை விட்டு வெளியேற வேண்டியிருந்த காலம் மாறிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே 2016 இல் திறக்கப்பட்டது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் கட்டணமின்றியே முழுநிலை (பயனர் காணும் பக்கமும் பின்னால் இயங்கும் சேவையகப் பகுதியும் சேர்ந்த) இணைய உருவாக்கப் பாடநெறி ஒன்றை நடத்துகிறது. இவ்வளவும் இருக்க, சுவரொட்டியில் ‘சர்வதேச டிப்ளோமா’ என்று அச்சடித்திருக்கும் இடத்தில் தாயின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவது வருத்தத்துக்குரியது. கட்டுமுன் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, அந்தப் பாடநெறி தேசிய தொழிற்றகைமையின் எந்த மட்டத்துக்கு உரியது என்று கேட்டறிய வேண்டும். ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஆறாம் மட்டம் உயர் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: முறையான பாடநெறியில் இடம் கிடைத்தவர், தாள் கையில் வந்ததும் வேலை தானே வரும் என்று இருந்துவிடுவது.

நேர்முகத் தேர்வில் உங்கள் முன்னால் இருப்பவர் பார்க்க விரும்புவது நீங்கள் முடித்த வேலையை. அதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். யூடியூபில் ஆசிரியர் தட்டச்சு செய்வதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால் நிரல் ஓடும். ஓடுவதைக் கண்டதும் விளங்கிவிட்டது என்ற மயக்கம் வரும். காணொலியை மூடிவிட்டு வெற்றுக் கோப்பின் முன்னால் இருக்கும்போது முதல் வரி வராது. உடனே வேறொரு பாடநெறி, வேறொரு நிரல் நூலகம், வேறொரு நிரல் மொழி என்று தாவல் தொடங்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இந்த மயக்கம் இன்னும் இலகுவாகிவிட்டது: கேட்டால் நிரல் வருகிறது, ஆனால் “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?” என்று நேர்முகத்தில் ஒருவர் கேட்கும்போது எழுதாதவருக்கு விடை தெரியாது. அந்தக் கருவிகளைப் பாவிப்பதில் பிழையில்லை. வந்த நிரலை வரிவரியாக வாசித்து, ஓரிடத்தை வேண்டுமென்றே மாற்றி, அது ஏன் உடைகிறது என்று பார்க்காமல் ஒட்டிவிடுவதுதான் பிழை.

முடித்த வேலை என்று காட்டப்படுபவையும் பெரும்பாலும் ஒரே அச்சு: செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், காலநிலை காட்டும் பக்கம், கணிப்பான். தேர்வு செய்பவர் அவற்றை எத்தனையோ தடவை கண்டிருப்பார். பரந்தனில் உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர் இருப்பைக் கொப்பியில் எழுதுகிறார். விசுவமடுவில் நெல் வாங்குபவர் மூட்டைக் கணக்கையும் முற்பணத்தையும் அதே விதமாகவே வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்கு ஓராண்டு உண்மையாகப் பயன்படும் ஒரு சிறிய செயலியைச் செய்து கொடுத்தவர், நேர்முகத்தில் பேசுவதற்குப் பொருள் தேடி அலையமாட்டார். அந்தக் கடைக்காரரே பல பாடங்களைக் கற்பிப்பார்: மின்சாரம் போனால் கணக்கு எங்கே போகிறது, ஒரே பொருளுக்கு ஊரில் மூன்று பெயர் இருந்தால் தேடல் என்ன செய்யும், கடனைத் திருப்பித் தந்தவர் பாதியைத்தான் தந்தார் என்பதை எப்படிப் பதிவது என்பவை எந்தக் காணொலியிலும் வருவதில்லை. சிக்னல் வந்து போகும் இடங்களில் வேலை செய்ய வேண்டியதால், இணைப்பு இல்லாதபோது தரவைக் கைத்தொலைபேசியிலேயே வைத்திருந்து பின்னர் அனுப்பும் முறையைக் கற்றே ஆக வேண்டும். வகுப்பிலுள்ள வேகமான இணைப்பில் மட்டும் பரீட்சித்த இணையத்தளம், பல மெகாபைட் படங்களைச் சுமந்துகொண்டு முழங்காவிலில் ஒரு மலிவான போனில் திறக்காமல் நிற்பதை ஆக்கியவர் ஒருமுறை நேரில் பார்த்தால் போதும்.

தமிழ் எழுத்து பற்றிய அறியாமையை நான் பெரிய தவறுகளோடு சேர்க்கிறேன், ஏனெனில் இங்குள்ள வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் தமிழ் இணையத்தளம். பாடசாலைகளும் கோயில்களும் சங்கங்களும் தரும் ஆவணங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட அரைப்புள்ளிதான் (;) சேமிக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே இணையத்தளத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் என்று புரியாது. எல்லாவற்றையும் முதலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் நேரத்தையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரமாகவும் பின்னர் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பலரும் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற பகுதி அந்த வேலையைத் தானாகச் செய்வதில்லை. ஆகவே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4 என்ற இன்னொரு விளையாட்டு ஆக்கும் கருவி இதைச் சரியாகச் செய்கிறது. தமிழில் விளையாட்டு ஆக்க நினைப்பவர் கருவியைத் தெரிவு செய்யுமுன் ‘கொக்கு’ என்ற ஒரு சொல்லைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டால் பல மாத உழைப்பு வீணாகாது. சொல் விளையாட்டு ஆக்குபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் அது ஐந்து என்று சொல்லும், ஏனெனில் ‘மி’யின் விசிறியையும் ‘ழ்’ இன் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. வாசிப்பவர் எண்ணும் மூன்று எழுத்து வேண்டுமென்றால் எழுத்துக் கொத்துகளைப் பிரிக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

முதல் விளையாட்டே பலர் இணைந்து ஆடும் பெரும் போர் உலகமாக இருக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்படித் தொடங்கியவற்றில் முடிந்தவை மிக அரிது. ஒரு திரை, ஒரு விதி, ஒரு மாதம் என்று வரையறுத்து முடித்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதே பயிற்சி. வெளியிடும் செலவையும் விதியையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இட்ச் என்ற தளத்தில் பணம் கட்டாமலே வெளியிடலாம். கூகுள் பிளேக்கு ஒரு தடவை 25 டொலர், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு விளையாட்டு ஒன்றுக்கு 100 டொலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். தனிநபரின் புதிய கூகுள் பிளே கணக்கு என்றால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் பரீட்சித்த பின்னரே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை, பொங்கலுக்கு வெளியிடப்போவதாக எல்லோருக்கும் சொன்னபின் அறிந்துகொள்ளக்கூடாது. சினிமாப் பாட்டின் துண்டைப் பின்னணியில் போட்ட விளையாட்டு உரிமைமுறைப்பாட்டினால் நீக்கப்படலாம் என்பதும் அவ்வாறே.

பணம் வரும் வழியில் செய்யப்படும் தவறுகள் திறமையானவர்களையும் வீழ்த்துகின்றன. இலங்கையில் இருப்பவர்கள் பேபால் ஊடாகப் பணம் பெற நீண்டகாலமாக வழியில்லாததால், கனடாவில் இருக்கும் மாமாவின் பெயரில் கணக்குத் திறந்து வேலை எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது; அடையாளச் சரிபார்ப்பு வரும் நாளில் கணக்கும் அதிலுள்ள பணமும் முடங்கும். சொந்தப் பெயரில் பயோனியர் போன்ற சேவையூடாக இங்குள்ள வங்கிக்குப் பெறுவதே பாதுகாப்பு. 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கியூடாகக் கொண்டுவரும் வருமானத்துக்கும் வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய்வரை விலக்கு, அதற்கு மேல் உச்சவீதம் 15 சதவீதம். பதிவேடு வைத்திருந்தால் இது சுமையன்று. வேலை தருவதற்கு முன் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவர் யாராயினும் வேலை தரப்போவதில்லை.

ஊருக்குள் செய்யும் வேலைகளில், புலம்பெயர்ந்தோர் பணத்தில் கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது பலருக்கு முதல் வாய்ப்பு. அங்கே உறவு கருதி விலை பேசாமல் தொடங்குவார்கள். பேசாத விலையை எவரும் தருவதில்லை, திருத்தம் மட்டும் முடிவின்றி வரும். எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தம், எந்தத் திகதியில் எவ்வளவு என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி, பாதியை முற்பணமாகப் பெற வேண்டும். தளத்தின் பெயரை, அதாவது அதன் இணைய முகவரியை, உருவாக்குநர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்துகொள்வது அந்த நேரத்துக்கு இலகுவாக இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போனபின் புதுப்பிப்பதற்கு ஆளில்லாமல் தளம் மறைந்துபோகும், பழி அவர்மேல் நிற்கும். பெயரையும் வாடகைச் சேவையகத்தையும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலிலேயே பதிந்து, கடவுச்சொற்களை வேலை முடியும் நாளில் எழுத்தில் ஒப்படைத்து, நிரலின் பிரதியை, நிரல்களைச் சேமித்துக் காட்டும் கிட்ஹப் தளத்தில் தன் கணக்கில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட வேண்டும். அடுத்த நேர்முகத்தில் திறந்து காட்டப்போவது அந்தப் பிரதியைத்தான்.