பழைய அடுக்கு வாஷர்-டிரையர்: எங்கே சொதப்பும், எப்படிச் சமாளிப்பது

கீழே வாஷர், மேலே டிரையர் என நிற்கும் பழைய சிறிய யூனிட்டுகளின் பெரிய குறை, துணி காய எடுக்கும் நேரம். அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் மாடல்களில் ஹீட்டர் 1,500 வாட்டுக்கு மேல் போவது அரிது. 240 வோல்ட் முழு அளவு டிரையரில் அது 5,000 வாட்டைத் தொடும். வாஷர் கொள்ளும் துணி முழுவதும் டிரையரில் காயாது, பாதி பாதியாகப் போடுங்கள். போடுமுன் இன்னொரு முறை ஸ்பின் விட்டால் நேரம் நன்றாகக் குறையும்.

அப்படியும் காயவில்லையா? உடனே ஹீட்டர்மேல் பழி போடாதீர்கள். டிரையரை ஓடவிட்டு, வெளிச்சுவரில் காற்று வரும் வாயில் கையை வையுங்கள். காற்று மந்தமாக இருந்தால் அதை வெளியேற்றும் குழாயில் துணிப்பஞ்சு அடைத்திருக்கிறது, அல்லது மெஷினைச் சுவரோடு தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, 4 அங்குல உலோகக் குழாய் மாட்டுங்கள்.

காற்று சரி, சூடு மட்டும் இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு அளவு மீறினால் எரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸை மல்டிமீட்டரில் சோதியுங்கள். மின்தொடர்ச்சி (மின்சாரம் அதன் வழியே போகிறது என்று) காட்டாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது எரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடைப்பு. அதை நீக்காவிட்டால் புதியதும் போகும். ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரால் நேராக இணைப்பது தீயை அழைப்பது.

தடதட சத்தம் வந்தால் டிரம் உருளைகள் தேய்ந்திருக்கும், கீச்சென்றால் பெல்ட்டை இழுத்துப்பிடிக்கும் சிறு புல்லி. பிரிப்பதே பெரும்பாடு என்பதால் பெல்ட், உருளை, புல்லி மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஸ்பின்னில் முழு யூனிட்டும் ஆடினால் ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்து நட்டுகளை இறுக்குங்கள்.

பழையதை வாங்குவதானால், மாடல் எண்ணை வைத்து டைமர் (ஓடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.