பாழ்வீடுகளை இடிக்கக் கடன்: அமெரிக்க உள்ளாட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை இடித்தால் மிஞ்சுவது காலி மனை. அது வருமானம் தராது. அமெரிக்காவில் பாழடைந்த வீடுகளை இடிக்கக் கடன் வாங்கும் நகராட்சிகளும் கவுண்டிகளும் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

"செலவை மனை மீது வில்லங்கமாக ஏற்றிவிடுவோம், என்றாவது வசூலாகிவிடும்" என்று கவுன்சில் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வருடமாக வரி பாக்கி, அக்கம்பக்கத்திலும் காலி வீடுகள். இப்படிப்பட்ட தெருவில் மனை விலை இடிப்புச் செலவைத் தொடுவதே அபூர்வம். உரிமையாளர் இறந்திருப்பார், அல்லது பெயருக்கு மட்டும் இருக்கும் ஒரு கம்பெனியாக இருக்கும். வில்லங்கம் பத்திரத்தில் இருக்கும், பணம் வராது. பொது நிதியிலிருந்தே தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வசூலாவதை உபரியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எதை அடகு வைக்கிறோம் என்று கவனிக்காதது. மத்திய வீட்டுவசதித் துறையின் 108-ஆம் பிரிவுக் கடனை, ஆண்டுதோறும் வரும் சமுதாய மேம்பாட்டு மானியத்தைப் போல 5 மடங்கு வரை, 20 ஆண்டு காலத்துக்கு வாங்கலாம். ஆனால் அதற்குப் பிணை, இனி வரப்போகும் அதே மானியம். முதியவர்களின் வீட்டுக் கூரையைச் சரிசெய்யவும் நடைபாதை போடவும் அந்த மானியத்தை நம்பியிருக்கும் ஊர், பத்துப் பதினைந்து ஆண்டு மானியத்தை இடிப்புக்காகக் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தள்ளுபடியாகும் கடனை இலவசப் பணமாக நினைப்பதும் தவறு. 2013-ல், வீட்டுக்கடன் நெருக்கடியில் அடிபட்ட மாநிலங்களுக்கு மத்திய அரசு தந்த 'ஹார்டஸ்ட் ஹிட்' நிதியிலிருந்து மிச்சிகன் மாநிலம் 10 கோடி டாலரை இடிப்புக்கு ஒதுக்கியது. வீட்டுக்கு அதிகபட்சம் 25,000 டாலர், வட்டியில்லாக் கடன், சில ஆண்டுகளில் தள்ளுபடி. அதற்கும் ரசீது, டெண்டர், தணிக்கை எல்லாம் இருந்தன. 2016 ஆகஸ்டில் மத்திய கருவூலத் துறை, டெட்ராய்ட்டில் இந்த நிதியில் நடந்த இடிப்புகளைச் சுமார் 2 மாதம் நிறுத்தியே வைத்தது.

மத்திய வீட்டுவசதித் துறைப் பணம் என்றால் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து ஒப்புதல் வரும்வரை கட்டடத்தில் கை வைக்கக் கூடாது. முந்திக்கொண்டு இடித்தால் அந்தச் செலவு ஊர் தலையில் விழும் அபாயம் உண்டு.

பழைய வீடுகளில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருளான ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு அல்லது அதற்குக் குறைவான குடியிருப்புகள் கொண்ட சிறிய வீட்டுக்கு மத்திய ஆஸ்பெஸ்டாஸ் விதியில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ஒரே திட்டத்தில் நகராட்சி பல வீடுகளை இடித்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஆய்வு செய்ய வேண்டும், இடிப்புக்கு 10 வேலைநாள் முன்பே அறிவிப்பும் தர வேண்டும். பொக்லைன் வாடகையை மட்டும் வைத்துக் கடன் தொகையை முடிவு செய்தால் இங்கேதான் பணம் பற்றாமல் போகும். தீப்பிடித்துச் சாயும் நிலையில் உள்ள வீட்டுக்குள் ஆள் போய் ஆஸ்பெஸ்டாஸை அகற்ற முடியாது. மொத்த இடிபாட்டையும் நனைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகவே ஏற்றி அனுப்ப வேண்டிவரும். செலவு எகிறும்.

இடிப்பு நோட்டீஸை உரிமையாளருக்கு மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். அடமானம் பிடித்த வங்கிக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபால் பெறப்படாமல் திரும்பிவந்தால், முடிந்த வேறு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வரி பாக்கிக்காக வீட்டை விற்ற வழக்குதான், ஆனாலும் இடிப்புக்கும் அதே கவனம் தேவை. வீட்டை இடித்தபின் திருப்பித் தர முடியாது இல்லையா.

அப்புறம் குழி. வீடு போன இடத்தில் அடித்தளத்தின் பள்ளம் இருக்கும். கான்கிரீட் துண்டுகளை அதிலேயே தள்ளி மேலே ஒரு சாண் மண் போட்டால் யாருக்கும் தெரியாது. சில வருடத்தில் தரை இறங்கும், தண்ணீர் தேங்கும், அங்கே எதுவும் கட்ட முடியாது. குழி திறந்திருக்கும்போதே ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும்: கான்கிரீட் அகற்றப்பட்டதா, சாக்கடைக் குழாய் அடைக்கப்பட்டதா, தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று. நிரப்பும் மண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆவணம் கேளுங்கள். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

காலி மனை யாருக்குப் போகும் என்பதையும் கடன் விண்ணப்பத்தோடு முடிவு செய்யலாம். நில வங்கி (கைவிடப்பட்ட மனைகளை எடுத்து நிர்வகிக்கும் பொது அமைப்பு) இருக்கும் ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைந்த விலையில் விற்கும் வழக்கம் உண்டு. அவர் புல் வெட்டுவார், வரி கட்டுவார். வாங்க ஆளில்லாத மனைகளுக்கு, கடன் தீரும்வரை புல் வெட்டும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.