கேள்வியிலிருந்து வாதம் வரை: முதல் ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலையிலோ முதன்முறையாக ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும் நம் பகுதி மாணவர்கள் பலர், ‘திருநெல்வேலி மாவட்டத்தில் வேளாண்மை’ என்பதுபோன்ற ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் திரட்டிப் பக்கங்களை நிரப்பி, பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதில் செய்தி இருக்கும், வாதம் இருக்காது. ஒரு கேள்விக்குச் சான்றோடு விடை சொல்வதுதான் ஆய்வு. அந்தச் சான்று அந்த விடைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுவதுதான் வாதம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் குறைந்துவருகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்லும் பேச்சையே எடுத்துக்கொண்டு, அதை ஆய்வாக்குவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

‘நெல் சாகுபடியின் இன்றைய நிலை’ என்பது தலைப்பு. ‘தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 2001 முதல் 2020 வரை கார் பருவ நெல் பரப்பு குறைந்ததா, குறைந்திருந்தால் அந்த வயல்களில் பிறகு என்ன வந்தது?’ என்பது கேள்வி. இரண்டாவதில் இடம், காலம், பருவம், பயிர் நான்கும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஜூன் வாக்கில் தொடங்கும் கார், ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களையும் சேர்த்துக் கேட்டால் விடை குழம்பிவிடும். கார் தென்மேற்குப் பருவமழையையும் அதனால் பாபநாசம் அணைக்கு வரும் நீரையும் நம்பியது, பிசானம் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்து நம்பியது. ஒன்று குறைந்து மற்றது அப்படியே இருக்கக்கூடும்.

கேள்வி சரியானதுதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு ‘இல்லை’ என்ற விடையும் வரக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். வரவே வராது என்றால், நீங்கள் ஆராயவில்லை. முன்பே முடிவு செய்ததற்குச் சாட்சி தேடுகிறீர்கள்.

படி 2: சொற்களின் எல்லையை வரையுங்கள்

மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பதால், இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

‘திருநெல்வேலி மாவட்டம்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகவே தோன்றும். ஆனால் கால்டுவெல் 1881இல் இந்த மாவட்டத்தின் வரலாற்றை எழுதியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்குள் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அது அங்கே போனது. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆகவே 1981ஆம் ஆண்டின் ‘திருநெல்வேலி மாவட்ட நெல் பரப்பு’ என்ற எண்ணையும் 2021ஆம் ஆண்டின் அதே பெயருள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘நெல் படுவீழ்ச்சி அடைந்துவிட்டது’ என்று எழுதும் மாணவர், தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போன ஸ்ரீவைகுண்டத்து வயல்களையும் தென்காசி வயல்களையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அவை காணாமல்போனதாக வருந்துகிறார். வீழ்ச்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்கள் அதைக் காட்டவில்லை. வட்ட அளவில் எண்களை எடுத்து, இரண்டு காலத்திலும் ஒரே நிலப்பரப்பைக் கூட்டிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். வட்டங்களும் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதால், கூடுமானால் வருவாய்க் கிராம அளவுக்கே இறங்குவது நல்லது.

ஆண்டு என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. வருவாய்த் துறைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடுகிறது. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஐப்பசியை ஒட்டி நட்டு மாசி, பங்குனியில் அறுக்கும் பிசானம் ஒரே பசலிக்குள் அடங்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிட்டால் அதே பயிர் இரண்டாக வெட்டுப்படும். அளவையும் கவனியுங்கள். அறிக்கை ஹெக்டேரில் பேசும், கிராமத்தார் ஏக்கரில் பேசுவார்கள், வயதில் மூத்தவர்கள் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்பார்கள். எதை எதுவாக மாற்றினீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதிவிட வேண்டும்.

படி 3: முன்னோர் ஆய்வைப் படியுங்கள்

முந்தைய ஆய்வுகளைச் சுருக்கி வரிசையாக அடுக்குவது மட்டும் முன்னாய்வு மதிப்பீடு ஆகாது. அவற்றோடு உங்கள் உறவு என்ன என்று சொல்ல வேண்டும். இதற்கு நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தைவிட (மதம் என்றால் இங்கே கருத்து நிலைப்பாடு) நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் உடன்பட்டுப் பிறகு மறுக்கலாம், தானே ஒன்றை நாட்டி நிறுத்தலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். ஒவ்வொரு ஆய்வையும் படித்து முடித்ததும் இந்த ஏழில் எதைச் செய்கிறீர்கள் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் ‘உடன்படல்’ என்றே குறித்திருந்தால், புதிதாகச் சொல்ல உங்களிடம் இன்னும் எதுவும் இல்லை.

படி 4: சான்று திரட்டுங்கள்

நிகழ்வுக்கு நெருங்கிய பதிவு முதன்மைச் சான்று. அதை வைத்துப் பிறர் எழுதியது துணைமைச் சான்று. நம் கேள்விக்குக் கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல் முதன்மைச் சான்று, ஏனெனில் எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் என்பது அதில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி எழுதப்பட்ட ஆய்வேடு துணைமைச் சான்று. முதன்மை என்பதாலேயே அது பிழையற்றது ஆகிவிடாது. வயலுக்குப் போகாமலே முந்தைய பசலியின் பயிரையே மறுபடி எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் சில புல எண்களையாவது நேரில் போய்ப் பார்த்து, பதிவோடு ஒப்பிடுவது அவசியம்.

நேர்காணலில் கேள்வியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. “அண்ணாச்சி, முந்தியெல்லாம் இங்கே நெல் நல்லா விளைஞ்சதுதானே?” என்று கேட்டால் எந்த விவசாயியும் ஆமாம் என்றுதான் சொல்வார். “அண்ணாச்சி, போன காருக்கு இந்த வயல்ல என்ன போட்டிருந்தீங்க? அதுக்கு முந்தின காருக்கு?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஏக்கம் பதிலாக வரும். இரண்டாவதற்கு வாழை, நெல், தரிசு என்று பதிவு செய்யத்தக்க தகவல் வரும். வாய்க்காலின் தலைப்பகுதியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மட்டும் விசாரித்துவிட்டு, கடைமடையில் கோபாலசமுத்திரத்தார் நிலையும் அதுவே என்று எழுதுவதும் கூடாது. தண்ணீர் கடைசியில் சேரும் இடத்துக் கதை வேறாக இருக்கும்.

படி 5: சான்றையும் கூற்றையும் இணையுங்கள்

1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் தொடக்கநிலை மாணவருக்கு மூன்று போதும்: கூற்று, சான்று, இவ்விரண்டையும் இணைக்கும் பொதுவிதி. மணிமேகலையில் வரும் ‘இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால்’ என்ற வாதத்திலும் இதே உறுப்புகளைக் காணலாம். மலையில் நெருப்பு என்பது கூற்று. புகை என்பது சான்று. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது பொதுவிதி, அடுக்களை அதற்கு எடுத்துக்காட்டு.

மாணவர்கள் கூற்றையும் சான்றையும் எழுதிவிடுகிறார்கள். பொதுவிதியை எழுதுவதில்லை, ஏனென்றால் அது சொல்லாமலே விளங்கும் என்று நினைக்கிறார்கள். மாவட்ட எண்களை ஒப்பிட்ட மாணவரின் பொதுவிதி, ‘இரண்டு எண்களும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றன’ என்பது. அதை அவர் ஒரு வரியில் எழுதியிருந்தால், பொய் என்று அவருக்கே தெரிந்திருக்கும். உங்கள் கட்டுரையில் ‘ஆகவே’, ‘எனவே’ வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்தச் சொல் எந்த விதியின் பலத்தில் நிற்கிறது என்று முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.

படி 6: காரணத்தைச் சொல்வதில் நிதானம்

மனைப்பிரிவுகள் பெருகின, நெல் குறைந்தது, ஆகவே மனைகளே நெல்லை விழுங்கின என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதுமட்டும் காரணம் ஆகாது. ஜூன் மாதத்தில் அணையில் போதிய நீர் இல்லாமல் கார் சாகுபடி தடைப்பட்டிருக்கலாம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் விவசாயி வாழைக்கு மாறியிருக்கலாம். பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்த பிறகே அந்த வயல் மனையாக விற்கப்பட்டிருக்கலாம். கடைசியில் சொன்னது உண்மையானால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். புல எண்வாரியாக எது முதலில் வந்தது என்று பார்த்தால்தான் இதைத் தீர்க்க முடியும். முழு உயரம் 143 அடியான பாபநாசம் அணையில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில் எவ்வளவு நீர் இருந்தது என்பதைத் தனியாக அட்டவணையிட்டு, கார் பரப்போடு ஒப்பிடுவதும் உதவும்.

படி 7: மறுப்பை நீங்களே எழுதுங்கள்

உங்கள் முடிவுக்கு எதிரான வலுவான வாதத்தை, அதைச் சொல்பவரே ஏற்கும்படி எழுதிவிட்டுப் பிறகு விடை கூறுங்கள். விடை சொல்ல இயலாத இடத்தில் உங்கள் கூற்றைக் குறுக்கிக்கொள்ளுங்கள். முடிவுப் பத்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்: ‘நாம் ஆராய்ந்த கிராமங்களின் அடங்கல் பதிவுகளின்படி, கார் நெல் பரப்பு குறைந்த வயல்களில் பெரும்பகுதி வாழைக்கு மாறியிருக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளின் விளைவு இதுவென்று கொள்வதற்கில்லை, ஏனெனில் அணை நிரம்பிய ஆண்டுகளிலும் அவை நெல்லுக்குத் திரும்பவில்லை. கடைமடைக் கிராமங்களுக்கு இம்முடிவு பொருந்துமா என்பதை இந்தத் தரவுகொண்டு சொல்ல இயலாது.’ ‘பெரும்பகுதி’, ‘நாம் ஆராய்ந்த கிராமங்களின்’ போன்ற சொற்களைப் பலவீனம் என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்; தேர்வாளர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

படி 8: மேற்கோளும் கடைசிச் சரிபார்ப்பும்

பிறர் சொல்லை அப்படியே எடுத்தாலும் கருத்தை மட்டும் எடுத்தாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். நீங்கள் திறந்து பார்க்காத நூலை, அதைப் பார்த்தவரின் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டு நேரே பார்த்ததுபோல் காட்டக் கூடாது. ஒரே செய்தி பத்து இணையப் பக்கங்களில் இருந்தால் பத்துச் சான்றுகள் இருப்பதாக எண்ணிவிடாமல், எந்தப் பக்கத்திலிருந்து மற்றவை நகலெடுத்தன என்று பாருங்கள். முன்னுரையையும் சுருக்கத்தையும் எல்லாம் முடிந்த பிறகு எழுதினால் போதும். அப்போது முதல் படியில் எழுதிய கேள்வியை எடுத்து, முடிவுப் பத்தி அதே கேள்விக்குத்தான் விடை சொல்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் கேள்வியைத் திருத்தி, இரண்டாம் படியின் வரையறைகள் புதிய கேள்விக்கும் பொருந்துகின்றனவா என்று மறுபடி சரிபார்த்து, அதன் பின் பைண்டிங்குக்குக் கொடுங்கள்.